ஓவர்கிளாக் செய்த ப்ராசஸருக்கு எந்த ஹீட்சிங்க், எந்த ஃபேன் வாங்கலாம்?

கையில் ஏஎம்டி-யின் ரைசன் 5 2600 ப்ராசஸர் இருக்கிறது, ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி, 4.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றப் போகிறேன், பெட்டியோடு வந்த கூலரே போதுமா, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வாங்கலாமா, இல்லை காசு சேர்த்து நாக்டுவா என்ஹெச்-டி15 வரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ப்ராசஸரை இதே வேகத்தில் மூன்று கோடை ஓட்டியிருக்கிறேன். வீடு திருச்சியில், கணினி இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையில். ஏசி கிடையாது. மே மாதம் இரவு ஒன்பது மணிக்கும் அந்த அறை 36 டிகிரியில் இருக்கும்.

அறையின் சூட்டில் இருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். கூலர், அதாவது சூட்டை வாங்கும் உலோக ஹீட்சிங்க்கும் அதில் ஊதும் ஃபேனும், எவ்வளவு விலை என்றாலும், அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரை இறக்கவே முடியாது. வீடியோவில் ஒருவர் 70 டிகிரி என்று காட்டினால், அவர் அறை எத்தனை டிகிரி என்று தேடிப் பாருங்கள். அது 22 என்றால் அந்தக் கூலர் அறைக்கு மேல் 48 டிகிரியில் நிற்கிறது. என் அறையில் அதே கூலர் 84 காட்டும். கூலர்களை ஒப்பிடும்போது இந்த 48 ஒன்றுதான் கணக்கு.

அடுத்தது வோல்டேஜ். ப்ராசஸர் வெளியிடும் சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். எல்லாக் கோர்களும் 3.6 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடுகின்றன, அதை 4.0-க்கும் 1.35 வோல்ட்டுக்கும் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். கிடைக்கும் வேகம் 11 சதவீதம், கூடும் சூடு ஏறக்குறைய 40 சதவீதம்.

இப்போது பெட்டிக் கூலருக்கு வருவோம். 2600-உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் வெறும் அலுமினியக் கட்டி. உள்ளே செம்பும் இல்லை, ஹீட் பைப்பும் இல்லை. ஓவர்கிளாக் செய்யாமலே முழுச் சுமையில் என்னிடம் அது அறைக்கு மேல் 48 டிகிரி நின்றது. அதோடு 40 சதவீதம் சேர்த்தால் 67. மே மாத 36-ஐக் கூட்டினால் 103. இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் உச்சவரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஓவர்கிளாக் செய்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். ஜனவரியில் சமாளிக்கலாம், சித்திரை வெயிலில் முடியாது.

ஹைப்பர் 212 போன்ற ஒற்றை டவரில், அதாவது தகடுகளை ஒரே கோபுரமாக அடுக்கிய கூலரில், நான்கு செம்பு ஹீட் பைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் துளி நீர். ப்ராசஸர் பக்கம் அது ஆவியாகி மேலே தகடுகளுக்குப் போய்ச் சூட்டை விட்டுவிட்டு, நீராகி, குழாயின் உள்சுவரில் உள்ள திரி வழியாகத் திரும்பி வரும். திட உலோகம் மட்டும் கடத்துவதைவிட இது பல மடங்கு வேகம். என் ஓவர்கிளாக்கில் அறைக்கு மேல் 42 டிகிரி, அதாவது மே மாதத்தில் 78. பிறகு நண்பரின் இரட்டை டவர் கூலரை (டி15-உம் இந்த வகைதான்) ஒரு வாரம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன்: 37. பெட்டிக் கூலரில் இருந்து ஒற்றை டவருக்கு 25 டிகிரி இறங்கியது, அங்கிருந்து பெரிய டவருக்கு வெறும் 5 டிகிரிதான்.

ஏன் 5 மட்டும்? சூடு தகடுகளுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தகட்டின் பரப்பு உதவும். சிப்பில் இருந்து அதன் மேல் உள்ள உலோக மூடிக்கும், மூடியில் இருந்து சூடு கடத்தும் பேஸ்ட்டுக்கும் கடக்கும் வழி எந்தக் கூலர் போட்டாலும் அதேதான். 2012-இல் வந்த இன்டெல் ஐ7-3770கே இதற்கு நல்ல சாட்சி. அதற்கு முந்தைய இன்டெல் ஐ7-2600கே-யில் சிப்புக்கும் மூடிக்கும் நடுவே சால்டர், அதாவது உருக்கி ஒட்டிய உலோகம், இருந்தது. 3770கே-யில் பேஸ்ட் வைத்தார்கள், சிப்பும் சிறிதானது. எவ்வளவு பெரிய கூலர் வைத்தும் ஓவர்கிளாக்கில் சூடு ஏறியது. பலர் பிளேடால் மூடியையே பெயர்த்தெடுத்துப் பேஸ்ட்டை மாற்றித்தான் இறக்கினார்கள். உங்கள் ரைசன் 2600-இல் சால்டர்தான், அந்தக் கவலை வேண்டாம்.

பெரிய டவர் வீண் என்று சொல்ல வரவில்லை. அதன் பலன் காதுக்கு. 140 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். ஃபேனின் சுற்று இரட்டித்தால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும், அதனால் ஒரே அறையில் படுத்துத் தூங்குபவர்களுக்கு இது பெரிய விஷயம். தனி ஃபேன் வாங்குவதானால் ஸ்டேட்டிக் பிரஷர் அதிகம் உள்ளதாகப் பாருங்கள். நெருக்கமான தகடுகளுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் திறன் அதுதான். அட்டையில் போட்டிருக்கும் சிஎஃப்எம் எண் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எதிரே தடை எதுவும் இல்லாதபோது அளந்தது.

ஒன்றைப் பலர் சொல்வதில்லை. பெட்டிக் கூலர் கீழ்நோக்கி ஊதும், மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதிக்கும் அதில் கொஞ்சம் காற்று கிடைக்கும். டவர் பக்கவாட்டில் ஊதுவதால் அது நின்றுவிடும், ஓவர்கிளாக்கில் விஆர்எம்-க்குத்தான் பாரம் அதிகம். கேபினெட்டின் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என ஃபேன் கட்டாயம் வேண்டும்.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். எனக்குப் பொருத்திக் கொடுத்த கடையில் ஒரு ஸ்க்ரூவைப் பாதியிலேயே விட்டிருந்தார்கள். கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியதும் 8 டிகிரி இறங்கியது. இரட்டை டவருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கிடைப்பதைவிட இது அதிகம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நான்கு பைப் ஒற்றை டவர் வாங்கி, மிச்சப் பணத்தில் கேபினெட்டுக்கு இரண்டு நல்ல ஃபேன் போடுவேன். பிறகு 1.35 வோல்ட்டில் இருந்து படிப்படியாக இறக்கிப் பார்ப்பேன். 1.30-இல் கணினி நிலையாக நின்றால் சூடு 7 சதவீதம் செலவில்லாமல் குறையும். டி15-தான் வேண்டும் என்றால் ஆர்டர் போடும் முன் ஸ்கேலை எடுங்கள்: உயரம் 165 மி.மீ., இரண்டு ஃபேனும் மாட்டினால் அதன் கீழே ரேமுக்குக் கிடைப்பது 32 மி.மீ.