62 வருஷக் காத்திருப்பு நாளை முடியுமா?

கேள்வி: ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் இறுதிப் போட்டி நாளை (2016 அக்டோபர் 1) மெல்பர்னில் நடக்கிறதாமே, அங்கே இருக்கும் தமிழர்கள் அதைப் பார்ப்பதுண்டா? யார் வெல்வார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

பார்ப்பதுண்டாவா? இன்று மகாளய அமாவாசை. கொலுப்படி கட்டி முடித்துத் திரும்புவதற்குள், கடைசிப் படியில் அரிசி பருப்பு பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாருக்குப் பக்கத்தில், சிவப்பு வெள்ளை நீலச் சட்டை போட்ட நாய் பொம்மை ஒன்றை என் மகள் வைத்துவிட்டாள். மனைவி எடுத்துவிடச் சொன்னாள். நான் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். அந்த நாய்தான் வெஸ்டர்ன் புல்டாக்ஸ். நாளைக்கு மதியம் இரண்டரை மணிக்கு எம்.சி.ஜி. மைதானத்தில் சிட்னி ஸ்வான்ஸ் அணியோடு மோதப்போகிறது.

நான் இந்த ஊருக்கு வந்தது 2006இல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பெயரைக் கேட்ட கையோடு, "நீ எந்த அணி?" என்று கேட்டார்கள். எனக்கு அப்போது கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது. விழித்தேன். சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிற ஒருவர் எனக்காகப் பதில் சொன்னார்: "மேற்கே குடியிருக்கிறான், வேறு எந்த அணியாக இருக்க முடியும்?" ஜாதகம் பார்க்காமல் முடித்த கல்யாணம். மெல்பர்னின் மேற்குப் புறநகர்கள் ஆலைகளும் குடியேறிகளும் நிறைந்த பகுதி. புல்டாக்ஸ் அந்தப் பகுதியின் அணி. 1996 வரை அதன் பெயரே ஃபுட்ஸ்க்ரே, எங்கள் ரயில் பாதையில் வரும் ஊர்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறுகையின் முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். உதைத்து வரும் பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் நின்று நிதானமாக உதைக்கலாம். ஆட்டம் நான்கு கால்பகுதிகள். காலால் ஆடுவதால் வந்த பெயர் இல்லை, நாலில் ஒன்று என்ற கால். இந்த நாலாவது கால்தான் எங்கள் அணிக்கு ஏழரை.

இனி என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மால்ட்டா தீவிலிருந்து சிறுவனாகக் கப்பலில் வந்தவர், இப்போது வயது 72. மால்ட்டா மொழியில் தாத்தாவுக்கு "நன்னு" என்பார்கள். என் மகளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், அதனால் எனக்கும் அவர் நன்னுதான். 1954இல் ஃபுட்ஸ்க்ரே இறுதிப் போட்டியில் மெல்பர்ன் அணியை வீழ்த்தியபோது அவருக்குப் பத்து வயது. 102க்கு 51, சரியாக இரண்டு மடங்கு. சார்லி சட்டன் தலைவரும் பயிற்சியாளருமாக இருந்த அணி அது. ஜாக் காலின்ஸ் மட்டும் ஏழு கோல் போட்டார். பின்னாளில் மைதானத்துக்கே பெயராகிப்போன டெட் விட்டன் அப்போது இருபத்தொரு வயது இளைஞர். கூட்டத்தில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தாராம் நன்னு. நான் கேட்டிருக்கிறேன், அன்று எப்படி இருந்தது என்று. "நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பசி. வீட்டுக்குப் போகலாம் என்று அப்பாவை நச்சரித்தேன். இதென்ன, அடுத்த வருஷமும் பார்க்கலாமே என்று நினைத்தேன்" என்றார்.

அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

1961இல் ஒரு தடவை இறுதிக்குப் போய் ஹாதார்னிடம் தோற்றார்கள். அதற்குப் பிறகு இறுதிப் போட்டியின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. இறுதிக்கு முந்திய ஆட்டத்தில் தோற்பதையே ஒரு கலையாக வளர்த்துவிட்டார்கள்: 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010. இதில் 1997தான் இன்னும் ஆறாத புண். அடிலெய்டு அணிக்கு எதிராக முன்னிலையில் இருந்த ஆட்டம். டோனி லிபரட்டோர் ஒரு பந்தை உதைத்துவிட்டு, கோல் என்றே நினைத்துக் கையை உயர்த்திக் கொண்டாடினார். கோல் நடுவர் ஒரே ஒரு புள்ளிதான் என்று காட்டினார். முடிவில் தோல்வி 2 புள்ளியில். இந்தக் கதையை நன்னு எனக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பந்து கம்பத்துக்கு உள்ளே இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே வருகிறது.

அணியே இல்லாமல் போயிருக்கவும் கூடும். 1989 அக்டோபரில், கடன் தாங்காமல் ஃபிட்ஸ்ராய் அணியோடு இணைத்துவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். ஐரீன் சாட்ஃபீல்டு என்ற ரசிகை நீதிமன்றத்துக்குப் போனார். பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் முன்னால் நின்றார். கிடைத்த சில வாரங்களுக்குள் 15 லட்சம் டாலர் திரட்ட வேண்டும். மேற்கே வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள், தெருமுனைகளில் உண்டியலைக் குலுக்கினார்கள். நன்னு குலுக்கிய தகர டப்பா இன்றும் அவர் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது, இப்போது அதில் ஆணிகள் போட்டு வைத்திருக்கிறார். அணி பிழைத்தது. அதே பீட்டர் கார்டன்தான் இன்று கிளப்பின் தலைவர்.

நான் வந்த பிறகு நடந்த மூன்று தோல்விகளையும் நன்னு வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். முதல் இரண்டிலும் அவர் நாற்காலியிலேயே இருந்தார். 2009இல் செயின்ட் கில்டாவிடம் 7 புள்ளியில் தோற்றதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: தான் பார்த்தால் தோற்கிறார்கள். அதிலிருந்து முக்கியமான ஆட்டங்களில் நாலாவது கால்பகுதி தொடங்கியதும் எழுந்து கொல்லைப்புறம் போய் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். 2010இல் பார்க்காமலே தோற்றார்கள். ஆனாலும் பழக்கத்தை விடவில்லை. நம் ஊரில் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு இது விநோதமாகவே தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்புகூட நிலைமை படுமோசம். 2014 முடிவில் அணித்தலைவர் ரயன் கிரிஃபன் வேறு அணிக்குப் போய்விட்டார், பயிற்சியாளரும் விலகினார். குழம்பிக் கிடந்த வீட்டுக்குள் லூக் பெவரிட்ஜ் வந்தார். பாப் மர்பியைத் தலைவராக்கினார். மர்பி 2000இலிருந்து இந்த ஒரே அணிக்கு ஆடுகிறவர், பேச்சிலும் எழுத்திலும் மேற்கின் செல்லப் பிள்ளை. இந்த வருஷம் மூன்றாவது சுற்றில், ஹாதார்னுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. நாளைக்கு அவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். வென்றால்கூடப் பதக்கம் ஆடிய 22 பேருக்கு மட்டும்தான். இதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மர்பி மட்டுமா, மிட்ச் வாலிஸுக்குக் கால் முறிந்தது, இன்னும் பலர் மருத்துவமனைக்கும் மைதானத்துக்குமாக அலைந்தார்கள். புள்ளிப் பட்டியலில் ஏழாம் இடம். ஏழாம் இடத்திலிருந்து கோப்பை வென்ற அணி இதுவரை கிடையாது. நானும் அலுவலகத்தில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நன்னு பாணியில் சொல்லிவிட்டேன். அப்புறம் வந்த நாக்-அவுட் சுற்றில்தான் கூத்து. பெர்த் வரை பறந்துபோய் வெஸ்ட் கோஸ்ட்டை அவர்கள் வீட்டிலேயே 47 புள்ளியில் அடித்தார்கள். தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பையை வைத்திருந்த ஹாதார்னை 23 புள்ளியில் வெளியேற்றினார்கள். போன சனிக்கிழமை மேற்கு சிட்னியில் இறுதிக்கு முந்திய ஆட்டம், எதிரே ஜி.டபிள்யூ.எஸ். ஜயண்ட்ஸ். எங்கள் பழைய தலைவர் கிரிஃபன் போய்ச் சேர்ந்த அணி.

அன்று நாலாவது கால்பகுதி தொடங்கியதும் நன்னு வழக்கம்போல எழுந்து போய்விட்டார். நான் முன்னறைக்கும் சமையலறை ஜன்னலுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் புள்ளிகளைக் கத்த வேண்டும், அது என் உத்தியோகம். பின்தங்கினார்கள், சொன்னேன். முதுகைக் காட்டி நின்றவர் திரும்பவில்லை. சமன் ஆனது, சொன்னேன். குழாய் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜாக் மெக்ரே உதைத்த பந்து நடுக்கம்பங்களுக்கு இடையே போனபோது எனக்குக் குரலே வரவில்லை. ஆறு விரலைக் காட்டினேன். 89க்கு 83 என்று முடிந்து, சங்கு ஊதிய பிறகுதான் உள்ளே வந்தார். செருப்பெல்லாம் சேறு. நாற்காலியில் உட்கார்ந்து, "1961க்குப் பிறகு" என்று மட்டும் சொன்னார். மரத்தடியில் ஒரு குளமே தேங்கியிருந்தது.

சரி, நாளைக்கு வருகிறேன். தலையைக் கேட்டால் சிட்னி என்கிறது. பட்டியலில் முதலிடம். 2005இலும் 2012இலும் கோப்பை வென்றவர்கள், பெரிய ஆட்டம் அவர்களுக்குப் பழகிய இடம். ஜோஷ் கென்னடி, ஹானபெரி, பார்க்கர் என்று நடுக்களத்தில் பந்துக்கு முட்டி மோதுகிற மூவர். முன்னால் லான்ஸ் பிராங்க்ளின், ஐம்பது மீட்டரிலிருந்து இடது காலால் வீசினால் கம்பம் தானாக விலகி நிற்கும். அந்த அணியின் மேல் எனக்குப் பகையும் இல்லை. 1982இல் சிட்னிக்குப் பெயர்ந்துபோன சவுத் மெல்பர்ன்தான் அது. 2005 வெற்றி அவர்களுக்கு 72 வருஷத்துக்குப் பிறகு வந்தது. பசி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள். ஒரு தடவை சாப்பிட்டவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

மனசு என்ன சொல்கிறது என்றால், இதே சிட்னியை ஜூலையில் அவர்கள் மைதானத்திலேயே 4 புள்ளியில் வென்றிருக்கிறோம். கடைசி நொடிகளில் கோல் போட்டவர் ஜேசன் ஜொஹானிசன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். தற்காப்பு வரிசையிலிருந்து பந்தோடு ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆள் இல்லை. நாளைக்கும் சிட்னிக்காரர்கள் அவருக்கு இடம் விடுவார்கள் என்பது என் நப்பாசை. எங்கள் பலம் நீள உதையில் இல்லை. நெரிசலுக்குள் பந்தைக் கைக்குக் கை குத்தி, எதிராளி மூச்சு விடுவதற்குள் வெளியே கொண்டுவருவதில் இருக்கிறது. கூட்ட நெரிசலான பஸ்ஸில் சில்லறை கைமாறி நடத்துநரிடம் போகுமே, அந்த மாதிரி. அந்தச் சில்லறை மூன்று கால்பகுதி கீழே விழாமல் போனால் போதும்.

இருபதே வயதான மார்கஸ் போன்டெம்பெல்லிமேல் எல்லாருடைய கண்ணும் இருக்கும். அது எனக்குக் கவலையில்லை. நான் பார்க்கப்போவது டாம் பாய்டை. இரண்டு மீட்டர் உயரப் பையன், ஏழு வருஷ ஒப்பந்தத்தில் பெரும் பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள், வந்த நாளிலிருந்து அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லியே வறுத்தெடுக்கிறார்கள். 21 வயதில் நம் சம்பளத்தை ஊரே பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? அவன் கூட்டத்துக்கு மேலே எம்பி ஒரு பந்தைப் பிடிக்க வேண்டும், அது என் தனிப்பட்ட பிரார்த்தனை. இன்னொன்று, 1997இல் கையை உயர்த்திய லிபரட்டோரின் மகன் டாம் நாளைய அணியில் இருக்கிறான். அவன் கோல் போட்டால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நட்ட நடுவில் போகட்டும்.

எண்ணாகவே கேட்கிறவர்களுக்கு: புல்டாக்ஸ், 12 புள்ளி வித்தியாசத்தில். நம்பிக்கை அறுபது, பயம் நாற்பது.

நாளைக்குப் புரட்டாசி சனிக்கிழமை வேறு, ஆட்டம் பார்க்கும்போது இந்த ஊர்க்காரர்கள் கொறிக்கிற, இறைச்சி அடைத்த 'மீட் பை' பலகாரமெல்லாம் எனக்குக் கிடையாது. பட்டாணி வைத்த பஸ்டிட்ஸி என்ற மால்ட்டா பலகாரம் சுடுவதாக நன்னு சொல்லியிருக்கிறார், எங்கள் வீட்டிலிருந்து கொண்டைக்கடலைச் சுண்டல் போகும். முதல் நாள் கொலுவுக்கு ஆறு மணிக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் சங்கு ஊதிவிடும். கொஞ்ச நேரம் முன்பு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். கொலுவில் நாய் வைத்திருக்கிறோம் என்று மகள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, எந்தப் படி என்று விசாரித்தார். கடைசிப் படி என்றேன். ஏழாவதா என்றார். ஐந்துதான் கட்டியிருக்கிறோம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக்குச் சமையலறை ஜன்னலில் கொக்கி இறுகிக் கிடக்கிறது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து எண்ணெய் போட்டுத் திறந்துவை என்று சொல்லிவிட்டுப் போனார்.