வளர்ப்பின் மீது போடும் பழி

கேள்வி: என் அக்கா மகனுக்கு ஆண்களிடம்தான் ஈர்ப்பு என்று தெரியவந்ததிலிருந்து, "எல்லாம் உன் வளர்ப்பு" என்று உறவினர்கள் அக்காவை ஏசுகிறார்கள். தன்பாலீர்ப்பு பிறவியில் வருவதா, வளர்ப்பால் வருவதா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: வளர்ப்பைச் சாக்காக வைத்துத் தாயைக் கூண்டில் ஏற்றும் வழக்கத்தோடு இந்தப் பக்கத்தில் நெடுங்காலமாகச் சண்டையிட்டு வருகிறேன், ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால் தாயிடம் பாசம் போதவில்லை என்று மருத்துவர்களே சொன்ன காலம் உண்டு. தன்பாலீர்ப்புக்கோ, பாசம் மிகுந்துவிட்டது என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் இர்விங் பீபரும் அவருடைய குழுவினரும் 1962இல் வெளியிட்ட ஆய்வு, மகனை இறுகப் பற்றிக்கொண்ட தாயையும் ஒதுங்கி நின்ற தந்தையையும் காரணமாகக் காட்டியது. அதில் இடம்பெற்ற 106 தன்பாலீர்ப்பு ஆண்களும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையில், அதாவது மனத்தின் ஆழத்தைப் பேச்சின் வழியே ஆராயும் சிகிச்சையில் இருந்தவர்கள். அவர்களைப் பற்றிய கேள்வித்தாள்களை நிரப்பியவர்களும் அவர்களுடைய மருத்துவர்களே. தந்தை ஒதுங்கியதால் மகன் அப்படி ஆனானா, மகன் மற்றப் பையன்களைப் போல இல்லாததால் தந்தை ஒதுங்கினாரா என்பதை அத்தகைய ஆய்வு சொல்லவே முடியாது. ஆனாலும் அந்தப் பழி இன்று உங்கள் அக்கா வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது.

பிறவியா என்றால், மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பங்கு இல்லை. ஏறத்தாழ 4,70,000 பேரின் மரபணுத் தரவுகளை அலசி 2019இல் வெளியான ஆய்வில் தன்பாலுறவோடு தொடர்புள்ள ஐந்து மரபணு இடங்கள் தெளிவாகத் தென்பட்டன. அவற்றை வைத்து எந்தத் தனிமனிதரின் ஈர்ப்பையும் கணிக்க முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் தன்பாலீர்ப்பு உடையவராக இருந்தாலும் மற்றவர் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

மரபணு போக மிஞ்சுவதெல்லாம் வளர்ப்பு என்று உடனே முடிவுகட்டுகிறவர்கள் 2010இல் வெளியான சுவீடன் இரட்டையர் ஆய்வைப் பார்க்க வேண்டும். ஆண்களிடம், ஒரே வீட்டில் வளர்ந்ததால் வந்த பங்கு ஏறத்தாழ பூஜ்யம். பெண்களிடம் அது சிறிதளவு தென்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் 'சூழல்' என்னும்போது கருப்பையையும் சேர்த்தே சொல்கிறார்கள். கனடாவில் ரே பிளான்சர்டும் அந்தனி போகார்ட்டும் 1990களில் கண்டது இதற்குப் பொருத்தமான சான்று: ஒரே தாய் வயிற்றில் பிறந்த ஒவ்வோர் அண்ணனுக்கும், தம்பியிடம் தன்பாலீர்ப்பு அமையும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் அடிப்படை வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று கொண்டால், ஓர் அண்ணன் இருந்தாலும் அது மூன்றைக்கூடத் தொடுவதில்லை. உடன் வளர்ந்த மாற்றாந்தாய் மகன்களாலோ தத்துச் சகோதரர்களாலோ இந்த விளைவு ஏற்படவில்லை என்று போகார்ட் 2006இல் காட்டினார். ஆண் கருவின் ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து இன்னும் ஆய்வில் இருக்கிறது. அது உறுதியானாலும் தாய் செய்த தவறு என்று அதில் எதுவும் இல்லை.

சமூகத்தின் பங்கு வேறு இடத்தில் பெரிது. ஒருவர் தம் ஈர்ப்பை வாய்திறந்து சொல்வாரா, விருப்பமில்லாத திருமணத்துக்குள் தள்ளப்பட்டு இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து சிதையுமா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போவாரா என்பவற்றைச் சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதம் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த வகையில் உங்கள் உறவினர்களின் ஏச்சும் ஒரு சமூகக் காரணியே. காரணம் எதுவாயினும் அந்த இளைஞனின் மதிப்பு அதனால் கூடவோ குறையவோ போவதில்லை.

அடுத்ததாக யாரேனும் "மாற்றிவிடலாம்" என்று ஒரு மருத்துவமனையின் முகவரியைக் கொடுப்பார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், தாமே உளவியலாளரிடம் அமர்வுக்குச் சென்று தெளிவு பெற்ற சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய 'சிகிச்சை' முயற்சிகளுக்கு 2021 ஜூன் 7 அன்று தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அப்படி ஒரு மருத்துவர் முன்வந்தால், அவர் பெயரைக் குறித்துத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் அனுப்பச் சொல்லுங்கள். அக்கா தயங்கினால் அவருக்காக நீங்களே எழுதிக் கொடுங்கள்.