பார்க்காத கோளுக்கு எடை போடுவது

அன்புள்ள ஐயா,

ஏதோ ஒரு ராட்சத விண்மீனைச் சுற்றி ‘வியாழனைவிடப் பத்து மடங்கு பெரிய’ வாயுக்கோள் இருக்கிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது, கூடவே கோடுகோடாக வண்ணப் படமும் போடுகிறார்கள். அவ்வளவு தூரத்தில் இருப்பதை எப்படிப் படம் எடுத்தார்கள்? ஒரு கோள் அந்த அளவுக்கு ஊதிப்போக முடியுமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

அந்தப் படத்தை முதலில் மறந்துவிடுங்கள், அது ஓவியர் வரைந்தது. இந்த வகைக் கோள்களில் பெரும்பாலானவற்றை யாரும் பார்த்ததே இல்லை, பார்த்ததெல்லாம் விண்மீனைத்தான். கோள் சுற்றும்போது விண்மீனையும் லேசாக இழுக்கிறது, விண்மீன் கொஞ்சம் நம் பக்கம் வந்து அப்புறம் விலகிப் போகிறது, அது நிறமாலைக் கோடுகளின் (விண்மீன் ஒளியை வண்ணப் பட்டையாகப் பிரித்தால் நடுநடுவே தெரியும் கருங்கோடுகள்) நகர்வில் தெரிகிறது. புனர்பூசத்து விண்மீன்களில் ஆரஞ்சாகத் தெரிகிறதே, பொலக்ஸ், 34 ஒளியாண்டு தூரம், விட்டம் சூரியனைப் போல் சுமார் 9 மடங்கு. அத்தனை பெரிய உருண்டை வினாடிக்கு நாற்பது மீட்டர் சொச்சம், அதாவது ஒரு வேக ரயிலின் வேகத்தில், சுமார் 590 நாளுக்கு ஒரு சுற்றாக ஆடுகிறது. அங்கே கோள் இருப்பதற்கு அந்த ஆட்டம்தான் சாட்சி.

இதில் கிடைப்பது நிறை மட்டுமே. அதுவும் குறைந்தபட்ச நிறை, ஏனென்றால் சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இந்த முறையில் தெரியாது. செய்தியில் அதைப் ‘பெரிய’ என்று எழுதிவிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான். வியாழன் மேல் இன்னும் ஒன்பது வியாழனைக் கொட்டினாலும் அது உப்பிக்கொண்டே போகாது, சொந்த எடையே உள்ளே அமுக்கும், குறுக்களவு கிட்டத்தட்ட அப்படியே இருக்க அடர்த்திதான் ஏறும்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் கோள் நிஜமாகவே இருக்கிறதா? ராட்சத விண்மீன்கள் சும்மா இருப்பவை அல்ல. துடிக்கும், மேற்பரப்பு கொதித்துக் குமுறும், அதெல்லாம் கோள் இழுப்பது போலவே கோடுகளை நகர்த்திக் காட்டும். காமா டிராகோனிஸ் என்ற ராட்சதனிடம் 2003 முதல் 2011 வரை 702 நாள் தாளம் ஒன்று சுத்தமாகத் தெரிந்தது, வியாழனைப் போல் பத்து மடங்குக்கு மேல் நிறையுள்ள கோள் என்று சொல்லிவிடலாம் போல. ஆனால் தொடர்ந்து அளந்தபோது 2011-க்குப் பிறகு தாளம் காணாமல் போனது, 2014 வாக்கில் மறுபடி வந்தது, அதுவும் பழைய தாளத்தோடு பொருந்தாமல். கோள் லீவு போடாது! 2018-ல் அது கோள் அல்ல என்று எழுதினார்கள். ரோகிணி என்ற ராட்சத விண்மீனுக்குச் சொல்லப்பட்ட கோளும் இதே சந்தேகத்தில்தான் நிற்கிறது. பொலக்ஸின் கோளை நம்புகிறார்கள் என்றால், 2006-ல் அறிவிக்கும்போதே கிட்டத்தட்ட 25 வருட அளவீடுகளில் தாளம் மாறாமல் இருந்தது.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் ராட்சதர்களிடம் போகிறார்கள் என்றால், சூரியனைவிடக் கனமான விண்மீன்கள் இளமையில் மிகச் சூடாக, படுவேகமாகச் சுழலும்; கோடுகள் குறைவு, இருப்பவையும் அகன்று மங்கிக் கிடக்கும், அளக்க வழியில்லை. வயதாகி உப்பி, ஆறி, சுழற்சி தளர்ந்த பிறகுதான் கூர்மையான கோடுகள் நிறையக் கிடைக்கின்றன.