யாரைக் கேட்டு அனுப்பினார்கள்?

தருமபுரியில் எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் வியட்நாம் போரைப் பற்றியும், அதற்காக அமெரிக்கா நடத்திய கட்டாய ஆள்சேர்ப்பைப் பற்றியும் பேசினேன். நேரம் போதவில்லை என்பதால் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டோம். கல்லூரியில் வரலாறு நடத்திய பழக்கம் விடவில்லை, சில பதில்கள் நீண்டுவிட்டன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியைக் குலுக்கிப் போட்டு ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள் என்றீர்கள். நிஜமாகவா சார்?
— பி.ஏ. மாணவி, பென்னாகரம்

நிஜம்தான் அம்மா. 1969 டிசம்பர் 1 இரவு, வாஷிங்டனில் நடந்தது. தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். 366 நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14 (அண்ணா பிறந்தநாளுக்கு முந்தின நாள்). 1944 முதல் 1950 வரை அந்தத் தேதியில் பிறந்த ஆண்களெல்லாம் வரிசையில் முதலில் நின்றார்கள். கடைசியாக வந்தது ஜூன் 8. தேதி வந்த வரிசைதான் எண், அந்தக் குலுக்கலில் 195ஆம் எண் வரைதான் கூப்பிட்டார்கள். 196 விழுந்த வீட்டில் பாயசமே வைத்திருப்பார்கள்.

கூத்து என்னவென்றால், குப்பிகளை ஜனவரி, பிப்ரவரி என்று மாதவாரியாகப் பெட்டியில் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை. கோயில் குலுக்கலில் கடைசியாகப் போட்ட துண்டுச்சீட்டு மேலேயே கிடந்து முதலில் கைக்கு வருமே, அந்தக் கதைதான். நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்களுக்கு முன்னணி எண்கள் அதிகமாக விழுந்துவிட்டன. புள்ளியியல் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த குலுக்கலில் தேதிக்கு ஓர் உருளை, எண்ணுக்கு ஓர் உருளை என்று மாற்றினார்கள். அதற்குள் முதல் குலுக்கலில் மாட்டியவன் மாட்டியவன்தான்.

எந்த ஊராக இருந்தாலும் வசதியான வீட்டுப் பிள்ளை தப்பித்துவிடுவான். அங்கே எப்படி?
— விவசாயி, பாலக்கோடு

அங்கேயும் அப்படித்தான். குலுக்கலைக் கொண்டு வந்ததே அந்தக் கோபத்தைத் தணிக்கத்தான்.

அதற்கு முன்னால் யார் போவது என்பதை உள்ளூர் ஆள்சேர்ப்பு வாரியங்கள் முடிவு செய்தன. நாடு முழுக்க ஏறக்குறைய 4,000 வாரியங்கள். உறுப்பினர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரின் வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள். கறுப்பர்கள் மிகச் சிலரே. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் தள்ளிவைப்பு கிடைக்கும். கல்லூரிக்குக் கட்டணம் கட்ட முடிந்தவன் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப டாக்டரிடம் கடிதம் வாங்கியவர்கள் உண்டு. வியட்நாமுக்கு அனுப்பப்பட வாய்ப்புக் குறைந்த தேசியக் காவல் படையில் சேர ஆள் பிடித்து இடம் வாங்கியவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் அழைக்கக்கூடிய வயதில் இருந்த ஆண்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். கட்டாயமாக எடுக்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். அதாவது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஒருவன் யார் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது.

இன்னும் மோசமான ஒன்று. 1966இல் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா தேர்வு மதிப்பெண் வரம்பைக் குறைத்து, முன்பு தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியவர்களையும் எடுக்க வழிசெய்தார். ஏழைகளுக்குப் பயிற்சி கொடுத்து முன்னேற்றுகிறோம் என்று அதற்குப் பெயர். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வழியாக உள்ளே போனார்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். 18 வயதில் போருக்குப் பிடித்துப் போனார்கள், ஓட்டுரிமையோ பெரும்பாலான மாநிலங்களில் 21இல்தான். 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் வந்துதான் அது 18 ஆனது.

முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்ததற்காக ஐந்து வருடம் சிறையில் இருந்தாராமே?
— பிளஸ் டூ மாணவர், அரூர்

இல்லை தம்பி, மேடைகளில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவச் சேர்ப்புக்கு அவர் பெயரைக் கூப்பிட்டபோது முன்னால் வர மறுத்தார். குத்துச்சண்டைப் பட்டத்தைப் பறித்தார்கள். ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் என்று தீர்ப்பு வந்தது உண்மை. மேல்முறையீட்டில் ஜாமீனில் வெளியே இருந்தார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது. ஆனால் மூன்றரை ஆண்டு குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை, அதுவும் இருபத்தைந்தை ஒட்டிய வயதில். அந்தத் தண்டனையை எந்தக் கோர்ட்டாலும் ரத்து செய்ய முடியாது.

போர் வேண்டாம் என்று கோஷம் போட்டவர்கள், திரும்பி வந்த சிப்பாயை மதித்தார்களா? இலங்கைக்குப் போன நம் அமைதிப்படை 1990இல் சென்னைக்குத் திரும்பி வந்தபோது முதல்வர் வரவேற்கப் போகாததையும் நான் மறக்கவில்லை.
— முன்னாள் ராணுவ வீரர், ஊத்தங்கரை

ஐயா, அமெரிக்காவில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் சிப்பாய், மறுபக்கம் போராட்டக்காரன் என்று கோடு கிழித்துவிட முடியாது. 1971 ஏப்ரலில் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களே நூற்றுக்கணக்கில் வாஷிங்டனுக்கு வந்து, நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். அதற்கு ஓர் ஆண்டு முன்பு, ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நான்காவது நாள், நியூயார்க்கில் போரை எதிர்த்த மாணவர்களை அடித்தவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளும் அந்தத் தொழிலாளர் வீடுகள்தான். படிப்பைக் காட்டித் தப்பியவன் நம் பையனைக் குறை சொல்கிறானா என்ற ஆத்திரம் அதில் இருந்தது. அதை வெறும் போர்வெறி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அமைதிப்படைக்கு வருகிறேன். அது நம் ஊரில் பலருக்கும் பிடிக்காத போர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அதில் இறந்தார்கள். யாழ்ப்பாணத்து ஜனங்கள் பட்டதைக் கேட்டவர்களுக்கு மாலையோடு போய் நிற்கக் கை வந்திருக்காது. கலைஞர் வரவேற்பைப் புறக்கணித்ததற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் கப்பலை விட்டு இறங்கியவர்களிடம் கேட்டா டெல்லி அனுப்பியது? நானாக இருந்தால் போயிருப்பேன், மாலை இல்லாமல்.

மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் விலக்கு கிடைத்ததா?
— வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. முதலில் மத நம்பிக்கை காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். 1965, 1970 தீர்ப்புகளில் அது விரிந்து, மதம் சாராத ஆழ்ந்த அற நம்பிக்கையும் போதும் என்றானது. ஆனால் 1971இல் கில்லட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. எல்லாப் போரையும் எதிர்த்தால்தான் விலக்கு, இந்த ஒரு போர் அநியாயம் என்றால் கிடையாது. இதில் எனக்கு உடன்பாடே இல்லை. அன்று தெருவில் நின்றவர்களில் பாதிக்குமேல் சொன்னது அந்த இரண்டாவது வாதத்தைத்தான் என்று நினைக்கிறேன். ஹிட்லரை எதிர்த்துப் போயிருப்பேன், வியட்நாமுக்குப் போகமாட்டேன் என்பவனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

நம் பக்கத்து ஆட்கள் யாராவது போரை எதிர்த்துச் சிறை போனது உண்டா?
— ஆசிரியை, ஓசூர்

உங்கள் ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த ஊர். 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ இங்கே ஒருவரையும் கலந்துகொள்ளாமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1940 டிசம்பரில் தனிநபர் சத்தியாகிரகத்தில் கைதாகிச் சிறைக்கும் போனார். ஆனால் அவர் போரே கூடாது என்றவர் அல்ல. தேசிய அரசு அமைத்துக் கொடுங்கள், போருக்கு உதவுகிறோம் என்ற யோசனையை அதே 1940இல் முன்வைத்தவரும் அவர்தான். எங்களைக் கேட்காமல் எப்படி என்பதுதான் சண்டை. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை எதிர்த்துச் சொந்தக் கட்சியிடமும் திட்டு வாங்கினார். அவரை எல்லா விஷயத்திலும் ஏற்றுக்கொள்கிறவன் இல்லை நான். ஆனால் இரண்டு பக்கமும் அடி வாங்கத் தயாராக இருந்தவர்.

என் பையன் ஆர்மி செலக்‌ஷனுக்குத் தினமும் ஓடிப் பழகுகிறான். போர் வந்தால் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயமாக எடுப்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
— ஒரு தாய், காரிமங்கலம்

இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை அம்மா. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேர் சேர்ந்தபோதுகூட கட்டாயச் சட்டம் கிடையாது (வயிற்றுப்பாடு எவ்வளவு கட்டாயப்படுத்தியது என்பது வேறு பேச்சு). அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு பொதுக் காரியத்துக்காகக் கட்டாய சேவை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. ராணுவத்துக்கு அதை யாரும் பயன்படுத்தவில்லை. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள், 1968இல் விட்டுவிட்டார்கள். பையன் நன்றாக ஓடட்டும்.

அக்னிபத்தை எதிர்த்து 2022இல் நடந்ததும் இதே மாதிரியா?
— ஐ.டி.ஐ. மாணவர், பர்கூர்

நேர் எதிர். அங்கே எங்களை எடுக்காதே என்றார்கள். இங்கே, எடுத்துவிட்டு நாலு வருடத்தில் முக்கால்வாசிப் பேரை வெளியே அனுப்பாதே என்றார்கள்.

வன்னியில வீட்டுக்கு ஒரு பிள்ளை எண்டு கொண்டுபோனதைப் பற்றி ஏன் இங்க ஒருத்தரும் கதைக்கிறதில்லை?
— முகாம்வாசி, கிருஷ்ணகிரி மாவட்டம்

நீங்கள் பார்த்தவர், நான் படித்தவன். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, இலங்கை ராணுவம் மக்கள்மீது குண்டு வீசியதையும் சொல்கிறது, புலிகள் சிறுவர்கள் உட்படக் கட்டாயமாக ஆள் சேர்த்ததையும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் நாம் மேடையில் படிக்கிறோம். அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

கட்டாய சேவை வேண்டுமா என்று மக்களையே கேட்ட நாடு உண்டா?
— அஞ்சல் ஊழியர், காவேரிப்பட்டினம்

ஆஸ்திரேலியா. முதல் உலகப் போர் நடுவில், 1916இலும் 1917இலும் இரண்டு முறை வாக்கெடுப்பு. இரண்டிலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். 1964இல் கேட்காமலே கொண்டு வந்தார்கள். அங்கேயும் பிறந்தநாள் குலுக்கல்தான், குப்பிக்குப் பதில் மரக் கோலிகள். 1972 டிசம்பரில் ஆட்சி மாறியதும் நிறுத்தினார்கள்.

கடைசியில் போராட்டத்தால்தான் போர் நின்றதா?
— பெயர் இல்லாத சீட்டு

ஓரளவுக்கு. போராட்டம் உச்சத்தில் இருந்த 1969இல், அமைதியாக இருக்கும் பெரும்பான்மை என் பக்கம் என்றார் அதிபர் நிக்சன். 1972 தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ வென்றும் காட்டினார். ஆனால் கட்டாய ஆள்சேர்ப்பை முடித்ததும் அவர்தான், 1973இல். ஆட்களைக் கூப்பிடுவது குறையக் குறைய வளாகங்களில் கூட்டமும் குறைந்தது. அதைப் பார்த்தால் கொஞ்சம் உறுத்துகிறது. தன் வீட்டுக்குக் கடிதம் வராது என்று தெரிந்தபின் எத்தனை பேர் போரைப் பற்றிக் கேட்டார்கள்? இதைக் காட்டி, கட்டாய சேவை இருந்தால்தான் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வாதம் பலமானது. ஆனாலும் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் அதைவிடப் பல மடங்கு வியட்நாமியரும் செத்த பிறகு வரும் கேள்விக்காக அந்தச் சட்டத்தை நான் ஏற்க மாட்டேன்.

மகள் குடும்பம் அமெரிக்காவில், கிரீன் கார்டு. பேரனுக்கு 18 ஆகப் போகிறது. ஏதோ ராணுவப் பதிவு என்கிறார்கள், பயமாக இருக்கிறது.
— ஓய்வுபெற்ற தாசில்தார், தருமபுரி

அது 1980இல் மறுபடி கொண்டு வந்த பதிவு. 18 முதல் 25 வயது வரை உள்ள ஆண்களுக்கு, குடிமகனாக இருந்தாலும் கிரீன் கார்டு என்றாலும் கட்டாயம். 18 நிறைந்த 30 நாளுக்குள் பதிவாகியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரலாம், அதனால் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சார்ந்தோர் விசாவில் முறையாக இருக்கும் பையன்களுக்கு இது தேவையில்லை. பதிவு என்பது பெயர்ப் பட்டியல்தான் சார், 1973க்குப் பிறகு அங்கே யாரையும் கட்டாயமாக எடுக்கவில்லை.