ஆற்றங்கரையில் பாய்ந்த மூன்று நாய்கள்: யார் மீது வழக்கு, எதற்கு வழக்கு?

கேள்வி: பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். நான்கு வயதுள்ள, கன்னி இன வேட்டை நாய் ஒன்றை வளர்க்கிறேன். தினமும் விடியற்காலையில் அதைக் கயிற்றில் பிடித்தபடி கரையில் நடப்பேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சற்று நேரம் அவிழ்த்தும் விடுவேன். சென்ற பங்குனியில் ஒரு நாள், கயிறு என் கையில் இருந்தபோதே மூன்று நாய்கள் சேர்ந்து பாய்ந்தன. ஒன்று எங்கள் தெருவில் நெல் வியாபாரம் செய்பவர் வீட்டு நாய். கழுத்தில் பட்டை உண்டு. இன்னொன்று காது நுனி வெட்டப்பட்ட தெரு நாய். மூன்றாவது, அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டிருந்த கீதாரியின் (மந்தை மேய்ப்பவரின்) நாய் என்கிறார்கள். என் நாயின் தொடையில் பதினோரு தையல். செலவு 9,400 ரூபாய். நான் கரைச் சரிவில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். கணுக்காலில் ஒரு பல் தடமும் இருக்கிறது. கையிலிருந்த பூவரசங் கம்பால் அடித்ததில் வியாபாரியின் நாய்க்கு முன்னங்கால் முறிந்துவிட்டது. அவர் ஒரு பைசா தர மறுப்பதோடு, “வாயில்லா ஜீவனை அடிச்சதுக்கு உங்க மேலதான் சார் கேஸ் வரும்” என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மதிப்புக்குரிய ஐயா, உங்கள் கடிதத்தில் நாயின் தையல் கணக்கு இருக்கிறது, மருத்துவமனை ரசீதின் தொகை இருக்கிறது, ஆனால் உங்கள் கணுக்காலில் பட்ட பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டீர்களா என்பது மட்டும் இல்லை. போடவில்லையென்றால் இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டு வாருங்கள். நாள் கடந்துவிட்டது என்பது ஊசியைத் தவிர்க்கக் காரணம் ஆகாது, ஏனெனில் வெறிநோய்க் கிருமி உடலில் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட, அடையாளம் காட்டாமல் இருக்கக்கூடியது. வெளிப்பட்ட பிறகோ மருந்து இல்லை. தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி போடுவார்கள். பல் தோலைத் துளைத்திருந்தால் காயத்தைச் சுற்றி, உடனடி எதிர்ப்பு தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். கடிபட்ட உங்கள் நாய்க்கும் மறு தடுப்பூசி போடப்பட்டதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வழக்கறிஞனாக இதில் எனக்கு இன்னொரு அக்கறையும் உண்டு: உங்கள் பெயரில் மருத்துவமனை தரும் அந்தப் புறநோயாளிச் சீட்டுதான் இந்த வழக்கின் முதல் ஆவணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நம் குற்றவியல் சட்டம் இந்த விஷயத்தில் நாயைப் பார்க்கவில்லை, மனிதரைப் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, மனிதருக்குக் கொடுங்காயமோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தே அல்லது அலட்சியத்தால் செய்யாமல் விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது. பழைய 289-ஆம் பிரிவில் அபராதம் ஆயிரம் ரூபாய்தான் இருந்தது. ஒரு நாய் இன்னொரு நாயைக் கடித்தது என்பது மட்டும் இந்தப் பிரிவுக்குள் வராது. ஆகவே, “என் நாயை அவர் நாய் கடித்துக் குதறிவிட்டது” என்று தொடங்கும் புகாரை நிலைய எழுத்தர் ஒரு புன்னகையோடு ஓரமாக வைத்துவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. “இன்ன தேதி, காலை இத்தனை மணிக்குப் பொதுக் கரையில் நடந்து சென்ற என் மீது, இன்னாருடைய வசம் உள்ள, கட்டப்படாத நாய் பாய்ந்து, கணுக்காலில் கடித்து, என்னைச் சரிவில் விழச் செய்தது, எனக்கு வயது இத்தனை, இதே நாய் முன்பு இன்னாரையும் துரத்தியிருக்கிறது” என்று எழுதுங்கள். உங்கள் நாய்க்குப் பட்ட காயம் அதே புகாரின் இரண்டாவது பத்தியில் வரட்டும். இரண்டும் உண்மைதான், ஆனால் எது முதலில் நிற்கிறது என்பதில்தான் புகாரின் ஆயுள் இருக்கிறது.

இது காவல் துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்க, ஜாமீனில் வரத்தக்க குற்றம். நடைமுறையில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) தருவார்கள், அதை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-ஆம் பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். இவ்வளவு சிறிய தண்டனைக்குரிய குற்றத்தில் ஓராண்டுக்குள் நீதிமன்றம் கோப்பில் எடுக்க வேண்டும் என்ற வரம்பு இருப்பதால், ‘ஊர் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும்’ என்று அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே ஏற்பட்ட தாமதத்துக்கும், சமரசம் பேசிக்கொண்டிருந்ததே காரணம் என்று புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வியாபாரி அடுத்து என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். “அது எங்க நாயே இல்ல, வாசல்ல கிடக்கும், மீந்த சோத்த போடுவோம்” என்பார். டெல்டா கிராமங்களில் பாதி நாய்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன: சோறு ஒரு வீட்டில், தூக்கம் ஒரு திண்ணையில், காவல் ஒரு களத்தில், கடித்தால் மட்டும் ஊர் நாய். சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. பிரிவில் இருக்கும் சொல் ‘உரிமையாளர்’ அல்ல, ‘வசம் உள்ள’ என்பது. கழுத்துப் பட்டை யார் வாங்கிப் போட்டது, தடுப்பூசிக்கு யார் கூட்டிப்போனார், இரவில் யார் வீட்டுக் கொல்லையில் கட்டப்படுகிறது என்பவற்றை வைத்து வசம் நிரூபிக்கப்படும். அதைவிட, கால் முறிந்த நாய்க்காக உங்கள் மேல் வழக்குப் போடுவேன் என்று அவர் மிரட்டியதே, அது தன் நாய் என்பதற்கு அவர் தந்த ஒப்புதல்தான். அந்தப் பேச்சு கைப்பேசியில் குரல் பதிவாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், அதை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

அவருடைய மிரட்டலையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. விலங்கைக் கொல்வது, முடமாக்குவது ஆகியவற்றுக்கு நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அந்தப் பிரிவு, இழப்பை உண்டாக்கும் எண்ணத்தோடோ அறிவோடோ செய்த சேதத்தையே தண்டிக்கிறது. அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஆளுக்கோ பொருளுக்கோ வரும் தீங்கைத் தடுப்பதற்காக, குற்ற எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு செய்த செயல் இன்னொரு தீங்கை விளைவித்தாலும் குற்றமாகாது என்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் தேவையற்ற வலியைத்தான் தடுக்கிறது. (முதல் குற்றத்துக்கு அதில் அபராதம் இன்றும் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான், ஒரு வக்கீல் நோட்டீஸ் செலவுக்குக்கூடப் போதாது.) எனவே எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: கம்பு விழுந்தபோது நாய் உங்கள் மேலோ உங்கள் நாயின் மேலோ இருந்ததா, அல்லது விலகித் திரும்பி ஓடிக்கொண்டிருந்ததா? முதலாவது தற்காப்பு; இரண்டாவது கோபம். நான் நடத்திய ஒரு வழக்கில், நாய்க்கு அடி விழுந்தது பின்னந்தொடையில் என்று கால்நடை மருத்துவர் எழுதிய ஒரே வரி, என் கட்சிக்காரரின் தற்காப்பு வாதத்தை ஏறக்குறைய உடைத்துவிட்டது. உங்கள் சம்பவத்தில் முறிந்தது முன்னங்கால் என்பது உங்களுக்குச் சாதகம். எதிர்கொண்டு வந்த நாய்க்குத்தான் அங்கே அடி விழும்.

இப்போது நீங்கள் விரும்பாத பகுதிக்கு வருகிறேன். ஆளில்லாத இடத்தில் அவிழ்த்து விடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பவ நாளில் கயிறு கையில் இருந்தது என்றாலும், மற்ற நாட்களில் உங்கள் நாய் கரையில் அவிழ்ந்து ஓடியதைப் பார்த்த இரண்டு சாட்சிகளை எதிர்த்தரப்பு கூட்டிவரும். ‘அன்றைக்கும் அப்படித்தான், இந்த நாய்தான் முதலில் போய் வம்பிழுத்தது’ என்று சொல்லவைக்கும். நஷ்ட ஈட்டு வழக்கில் இது உங்கள் பங்கு அலட்சியம் என்று கணக்கிடப்பட்டுத் தொகை குறையும். உங்கள் நாயும் 291-ஆம் பிரிவுக்கு விலக்கு இல்லை. நாயை எந்நேரமும் கட்டிப்போட்டு, நடமாட விடாமல் வைத்திருப்பதும் விலங்குவதைச் சட்டப்படி குற்றம் என்பதால் உங்கள் காலை நடை நியாயமானதே. ஆனால் நடை என்றால் கயிற்றோடு. இன்று முதல் கரையில் அவிழ்க்க வேண்டாம். தடுப்பூசிச் சான்றின் நகல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

காது நுனி வெட்டப்பட்ட நாயின் கதை வேறு. அந்த வெட்டு, அது கருத்தடை செய்யப்பட்டுப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட்ட நாய் என்பதன் அடையாளம். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்க்குப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பு. அதை அடித்து விரட்டவோ வேறு ஊரில் கொண்டுபோய் விடவோ உங்களுக்கும் அதிகாரம் இல்லை, ஊராட்சிக்கும் இல்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, வெறிநோய் உள்ள அல்லது சந்தேகிக்கப்படும் நாய்களையும், ஆக்ரோஷமாக நடந்துகொள்ளும் நாய்களையும் அப்படித் திரும்ப விடக் கூடாது என்றும், தெருவில் கண்ட இடத்தில் உணவு போடாமல் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் கூறியது. உங்கள் ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுக்கும் மனுவில் இந்த ஆணையைக் குறிப்பிட்டு, நாயின் புகைப்படத்தோடு, அது கடித்த தேதியையும் எழுதுங்கள். கரையின் எந்த இடத்தில் கோழிக் கழிவு கொட்டப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் அனுபவத்தில் நாய்க் கூட்டம் கூடும் இடத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு குப்பைமேடு இருக்கும்.

கிடை நாயைப் பொறுத்தவரை நான் உங்களை வழக்குக்கு ஊக்கப்படுத்த மாட்டேன். சம்பா அறுவடை முடிந்து இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தையோடு வரும் கீதாரிகள், வயல்காரர் அழைத்து, கூலி பேசித்தான் கிடை போடுகிறார்கள். அந்த நாயின் வேலையே, வேற்று நாய் மந்தையை நெருங்காமல் பார்ப்பது. உங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு கிடைக்கு அருகில் போனீர்கள் என்று வந்தால், அதன் பாய்ச்சலை அலட்சியம் என்று நிரூபிப்பது கடினம். அது மட்டுமல்ல, நோட்டீஸ் போய்ச் சேரும் முன் மந்தை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். வைகாசி முடியும் வரை, கிடை கிடக்கும் பக்கத்துக் கரையைத் தவிர்த்து எதிர்க்கரையில் நடப்பதே மலிவான தீர்வு.

நாளை காலையும் நீங்கள் நடக்கத்தான் போகிறீர்கள். எனவே சட்டப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் வழக்கு வராமல் காக்கும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீளக் கயிற்றை விட்டு, கைக்கு அடங்கும் குட்டையான வாரைப் பயன்படுத்துங்கள். தூரத்தில் நாய்க் கூட்டம் தெரிந்ததும் நின்று, உங்கள் நாயைக் காலோடு ஒட்டி நிறுத்தி, ஓடாமல், வந்த வழியில் மெல்ல விலகுங்கள். நெருங்கி வந்தால் கம்பைத் தரையில் ஓங்கித் தட்டுவதும், குடை இருந்தால் அதை முகத்துக்கு நேரே பட்டென்று விரிப்பதும் பெரும்பாலும் போதும். நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதைப் பிடிக்க எழும்பும் பல் உங்கள் முகத்துக்கு வரும். கட்டிப் புரளும் நாய்களுக்கு நடுவே வெறுங்கையை விடுவதும் அப்படியே.

பணத்துக்கு வருவோம். நாய்க்கான 9,400 ரூபாயும் உங்கள் சிகிச்சைச் செலவும் உரிமையியல் வழக்கில், அலட்சியத்தின் பேரில், மூன்று ஆண்டுக்குள் கேட்கக்கூடியவை. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் மனிதர் மேல் பதிந்த ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது பத்தாயிரம் ரூபாய் என்று வகுத்ததைச் சிலர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது அரசு தர வேண்டிய இழப்பீடு பற்றியது, தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. இந்தத் தொகைக்கு முழு வழக்கு நடத்துவது எனக்கு வருமானம், உங்களுக்கு அலைச்சல். அதைவிட வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள்; இருவரையும் அழைத்துப் பேசுவார்கள், உடன்பாடு ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாணை ஆகிவிட்டால் அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. அங்கே போகும்போது பணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த நாய் இனிக் காலையில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வ உறுதிமொழி. அதை அவர் மீறினால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் கும்பகோணம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கும்படி ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. ஊர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து கையொப்பமிட்ட மனுவுக்கு அங்கே வேகம் அதிகம்.

பேச்சின்போது வியாபாரி நாயின் கால் வைத்தியச் செலவை எடுத்தால், கையை விரிக்காதீர்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் எலும்பைப் பார்க்க அழைத்துப்போகும் வண்டிச் செலவை நான் ஏற்கிறேன் என்று நீங்களாகச் சொல்லுங்கள். அதைத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் உடன்படிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.