எபேசு: எந்த வாசல் என்பதை முழங்கால் முடிவு செய்யட்டும்

கேள்வி: கப்பல் பயணத்தில் ஒரு நாள் துருக்கியின் குஷாதாசியில் நிற்கிறோம். வேதாகமத்தில் படித்த எபேசுவைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வயது 68, மூட்டுவலி உண்டு. எந்த வாசல் வழியாகப் போவது நல்லது?

பதில்: எபேசுவுக்கு இரண்டு வாசல்கள். மேல் வாசலில் நுழைந்து கீழ் வாசலில் வெளியேறுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏறாமல், போன வழியே திரும்பாமல் நகரம் முழுவதையும் பார்த்துவிடலாம் என்பதால் அது பொதுவாகச் சரியான யோசனை. ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. மேலிருந்து நூலகம் வரை இறங்கும் குரேத்தஸ் வீதி சரிவானது. அதன் பளிங்குப் பாளங்கள் காலங்காலமாகக் கால்பட்டு வழவழவென்று ஆகிவிட்டன. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

அம்மா வீட்டு மாடிப்படியில் எப்படி இறங்குகிறார் என்று ஊரிலேயே கவனியுங்கள். கைப்பிடியை லேசாகத் தொட்டபடி இறங்குகிறார் என்றால் மேல் வாசல். வாடகைக் காரில் அங்கே இறங்கிக்கொண்டு, ஓட்டுநரைக் கீழ் வாசலில் வந்து காத்திருக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் வைத்து இறங்குகிறார் என்றால் தயங்காமல் கீழ் வாசல். அரங்கும் செல்சஸ் நூலகமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன; இடையிலுள்ள பளிங்கு வீதி ஏறக்குறைய சமதளம். பார்த்துவிட்டு அதே வாசலில் திரும்பலாம். இழப்பு பெரிதல்ல.

நூலகத்தின் முகப்பைக் காலையில் பார்ப்பது அழகு, அது கிழக்கு நோக்கியது. ரோம ஆளுநராக இருந்த செல்சஸின் நினைவாக அவர் மகன் கட்டியது. தந்தையின் கல்சவப்பெட்டி இன்றும் அடியில் இருக்கிறது. இடிந்து கிடந்த முகப்பை ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் 1970களில்தான் மீண்டும் நிமிர்த்தினார்கள். ஓரத் தூண்கள் நடுத்தூண்களைவிடச் சற்றுச் சிறியவை. கட்டடம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிய அந்தக் காலத்துக் கொத்தனார்கள் செய்த தந்திரம் அது.

அரங்கின் படிகளில் அம்மாவை ஏற்ற வேண்டாம். கீழே, துறைமுக வீதியின் முனையில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பவுலுக்கு எதிராகத் தட்டான் தெமேத்திரியு தூண்டிவிட்ட கூட்டம், தியானாள் தேவியின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கூச்சலிட்டது இங்கேதான். அப்படியே திரும்பினால் வீதி கடலை நோக்கி ஓடும், கடல் இருக்காது. ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. கடல் சில கிலோமீட்டர் மேற்கே விலகிவிட்டது. நகரம் கைவிடப்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

மலைச்சரிவில் இருக்கும் பண்டைய செல்வந்தர்களின் வீடுகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சுவரோவியங்களும் தரைச் சித்திரங்களும் அருமைதான், ஆனால் உள்ளே படிகள் ஏராளம். அம்மா நிழலில் உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

நிழல் என்றேனே, அதுதான் அங்கே அரிது. குடை, தொப்பி, தண்ணீர் மூன்றும் கையில் இருக்கட்டும். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணியும் ரப்பர் முனைக் கைத்தடியும் கட்டாயம். கழிப்பறைகள் வாசல்களுக்கு அருகில்தான். நடுவில் பார்க்கும் ரோமானியப் பொதுக் கழிப்பறை காட்சிக்கு மட்டும்! வாசல் கடைகளில் 'அசல் போலிக் கைக்கடிகாரம்' என்று பலகை மாட்டி விற்பார்கள். அந்த நேர்மையை ரசிக்கலாம், வாங்க வேண்டாம்.

நேரம் மிஞ்சினால் பக்கத்து ஊரான செல்ச்சுக்கின் அருங்காட்சியகத்தில் ஆர்ட்டெமிஸ் சிலைகளைப் பாருங்கள். தமிழ் வேதாகமத்தின் தியானாள் இவள்தான். அவளது கோயில், பண்டைய ஏழு அதிசயங்களில் ஒன்று, பக்கத்திலேயே ஒற்றைத் தூணாக நிற்கிறது. அதற்குக் காரைவிட்டு இறங்கிப் பத்து நிமிடம் போதும். இயேசுவின் தாய் மரியாள் வாழ்ந்ததாக நம்பப்படும் வீடு மலைமேல் இருந்தாலும் அருகில்வரை கார் போகும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் கப்பல் புறப்படும் நேரம் நெருக்கும். அருங்காட்சியகமா, மரியாள் வீடா என்று அம்மாவிடமே கேட்டுவிடுங்கள்.