ஆடும் உருவங்கள் பின்னணியோடு ஒட்டாமல் நிற்பது குறித்து

வணக்கம். அக்ரிலிக்கில் நீங்கள் தீட்டிய நான்கு ஆடும் உருவங்களும் அருவப் பின்னணியின்மேல் வெட்டி ஒட்டியவை போலத் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். நிறங்களை மாற்றுவதற்கு முன் விளிம்புகளைக் கவனியுங்கள்; அவை அனைத்தும் ஒரே கூர்மையோடு இருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். உடலின் எடையைத் தாங்கும் பாதத்தையும் திரும்பும் இடுப்பையும் கூர்மையாகவே விட்டுவிட்டு, வீசி எறியப்படும் கைகளின் மீதும் ஆடை நுனிகளின் மீதும் பின்னணியின் நிறத்தையே நீர்க்கக் கலந்து மெல்லிய பூச்சாக இழுத்தால், உருவம் பின்னணிக்குள் கரைவதோடு அசைவும் கூடவே வந்துவிடும். அக்ரிலிக் விரைவில் உலர்வதால், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்ததை இடுங்கள். ஆன்றி மத்தீஸ் 1910இல் தீட்டிய ‘நடனம்’ ஓவியத்தில் விளிம்புகள் தெளிவாகத்தானே இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். அங்கே பின்னணி வெறும் நீலமும் பச்சையும்தான், உங்களுடையதோ உருவங்களைவிட அதிகமாக ஆடுகிறது.